அக்தர் பேகம் வீட்டு வால்

குரோம்பேட்டையில் ஞானஜோதி டீச்சரின் வீம்பைத் தெரியாதவர் யார்? ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரிடமே போய்க் காரணம் கேட்கிற ஆள். 1976-ல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றதும் மற்றவர்கள் எரிமலை செய்ய அட்டை வாங்கினார்கள். டீச்சரோ, "நான் டைனோசர் போடப்போறேன். நிஜ அளவுல!" என்றார். கோதாவரிப் பக்கம் எலும்பெடுத்த பாராபாசாரஸ். அவ்வளவு பெரிய உடம்பு, தின்றதெல்லாம் இலைதழை. நம் நாட்டிலேயே இப்படி ஒன்று நடமாடியதா என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். மண்டையோடு கிடைக்கவில்லை என்று படித்திருந்ததால் தலையை மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தார். கழுத்து, வயிறு, நாலு கால் எல்லாம் வந்தன. வால் பாதி வருவதற்குள் வேலி குறுக்கிட்டது.

"வாலைக் கொஞ்சம் சுருக்குங்களேன் டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் லாசரஸ். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். நடுநிலைப் பள்ளி அனுமதி அவர் கையிலதான் இருக்கு."

"ஒரு அடிகூடக் குறைக்க மாட்டேன் சார்."

வேலிக்கு அந்தப் பக்கம் அக்தர் பேகம் வீடு. அங்கே விழுந்த பந்து ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அதனால் இருவருக்கும் பேச்சே கிடையாது. அந்த வாசலில் போய் நிற்க டீச்சர் எத்தனை தரம் பாதி வழி போய்த் திரும்பினாரோ!

"இன்னா டீச்சர், அதிசயமா கீது?"

"உங்க தோட்டத்துல ஒரு வால் போடணும்."

அக்தர் பேகம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "யம்மா, எம்மாம் பெருசு! இன்னாத்த துன்னும்?"

"இலைதழைதான்."

"நம்ப ஆடு மாதிரி. போட்டுக்கோ போ." வேலித் தட்டியை அவளே கழற்றினாள்.

மறுநாள் விடியும்போது செம மழை. சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. மழை தூறலாகக் குறைந்ததும் டீச்சர் ஓடிவந்து முற்றத்தில் எல்லாவற்றையும் திரும்ப வரைந்து வேலிக்கு வருவதற்குள் இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றுவிட்டது. இனி வாலுக்கு நேரமில்லை.

நிமிர்ந்தால், வால் இருந்தது! வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, முக்காடு நனைய நனைய அக்தர் பேகம் போட்டு முடித்திருந்தாள். ஆனால் அந்த வால் கோழிக்கூண்டைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கோட்டோரமாகவே நடந்து கிணற்றடியில் நின்றார். "வால் ரொம்ப நீளமா இருக்கே. யார் போட்டது?"

லாசரஸ் டீச்சரை முறைத்தார். கதவோரம் அக்தர் பேகத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க அக்தர் பேகம் போட்டாங்க சார்," என்றார் டீச்சர். "என் அளவைவிட நீளம்தான், ஒத்துக்கறேன். மழையில நனைஞ்சு நின்னு போட்ட வால். ஒரு அடிகூடக் குறைக்க மாட்டேன்."

"அப்ப தலை ஏன் புள்ளியா இருக்கு?"

"அது இன்னும் கிடைக்கல சார்."

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த மாதம் அனுமதியும் வந்தது. வேலித் தட்டியை யாரும் திரும்பக் கட்டவில்லை. சுண்ணாம்பு அழிந்து வருஷங்கள் ஆன பிறகும், வழி கேட்டு வருகிற சொந்தக்காரர்களிடம் அக்தர் பேகம் சொல்லுவாள்: "இஸ்கூலாண்ட வந்து வால் வூடு எதுன்னு கேளு. யாரு வேணா காட்டுவாங்க."