பெட்டியக்காவுக்கு வந்த போன்கள்

உடம்புக்கு முடியாமல் விடுப்பில் இருக்கும் உங்கள் சக ஊழியரை நீங்கள் கடைசியாக எதற்குப் போனில் அழைத்தீர்கள்? நலம் விசாரிக்கவா, வேலையில் சந்தேகம் கேட்கவா? உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பெட்டியக்காவின் கதையைக் கேளுங்கள்.

அட்டைப் பெட்டிகளை மடித்து ஒட்டும் மெஷினில் இருபத்தோரு வருடம் நின்றவர் அவர். கடைக்குச் சோப்பு வாங்கப் போனால் சோப்பைப் பார்க்க மாட்டார். பெட்டியைத் திருப்பி, ஒட்டிய இடத்தை நகத்தால் நெருடி, "எந்தப் புண்ணியவான் ஒட்டினது? தும்மினா பிரிஞ்சிடும்" என்பார். கடைக்காரர் கும்பிடு போடுவார். தன் மெஷினுக்கு அவர் வைத்த பெயர் 'மாமியார்'. "எப்ப முறுக்கிக்கும், எப்ப இறங்கி வரும்னு யாருக்கும் தெரியாது. மரியாதையா நடந்துகிட்டா குடும்பம் ஓடும்."

வீட்டு மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. எட்டு வாரம் ஓய்வு என்று மருத்துவர் எழுதினார். நிறுவனமும் ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தியது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டின் ஈரம் காய்வதற்குள் முதல் போன் வந்தது. அழைத்தவர் ஷிப்ட் சூப்பர்வைசர்.

"அக்கா, மாமியார் படுத்துட்டாங்க."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ஆனா பசையாக் கக்குறாங்க."

"வெந்நீர்ல துணியை நனைச்சு வாயைத் துடைச்சு விடு. அப்புறம் இடது பக்க பெல்ட்டை ஒரு முடி அளவு தளர்த்து."

பக்கத்துப் படுக்கைப் பெண்மணி அன்று முழுவதும் பெட்டியக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் போன் நாள் தவறவில்லை. வலது கை கழுத்துத் துணியில் தொங்க, இடது கையில் போனைப் பிடித்து வைத்தியம் சொல்வார். பள்ளி வேன் ஓட்டும் கணவர், "லீவு உனக்கா, அவங்களுக்கா?" என்று கேட்பார். "பாவங்க, திணறுறாங்க" என்பதுதான் எப்போதும் பதில்.

ஐந்தாவது வாரம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'தங்கள் பணியிடம் இனித் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டிருப்பதால், இன்றுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.' படித்துவிட்டுப் பெட்டியக்கா முதலில் சொன்னது, "மடிப்பு கோணல்." பிறகுதான் அழுதார்.

வந்த சொந்தங்கள் தலையெழுத்து என்றார்கள். கண்பட்டுவிட்டது என்றார் ஓர் அத்தை. என்ன அபத்தம்! கடிதத்தின் அடியில் இருந்தது மேலாளரின் கையெழுத்து. விதி எந்த ஊரில் லெட்டர்பேட் அடித்து வைத்திருக்கிறது? எலும்பு கூடும்வரை ஓய்வெடுக்கலாம் என்று எழுத்தில் தந்துவிட்டு, ஆள் எதிரே வந்து நிற்க முடியாத நேரம் பார்த்து வேலையைப் பறித்தது ஒரு மனிதர். மனிதர் செய்ததை மனிதர் தட்டிக் கேட்கலாம்.

கேட்பதற்கான வழி மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தானாகவே வந்தது.

"அக்கா, மாமியார் மறுபடியும் படுத்துட்டாங்க."

"வாயைத் துடை..." என்று பழக்கத்தில் தொடங்கிய மனைவியின் கையை அழுத்தினார் கணவர்.

பெட்டியக்கா மூச்சை இழுத்துவிட்டார். "தம்பி, என் வேலை இனித் தேவையில்லையாம். நேத்து லெட்டர் வந்துச்சு."

"யாருக்குத் தேவையில்லை? என்னக்கா இது, எனக்கு யாரும் சொல்லலையே! அப்ப நான் யாரைக் கேக்குறது?"

"அதையே எழுதி அனுப்பு. இத்தனை நாளா என்னென்ன கேட்டியோ அதையும் சேர்த்து."

சூப்பர்வைசரின் குரல் இறங்கியது. "எழுதினா என் கழுத்துக்கும் கத்தி வரும்க்கா. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க."

"வற்புறுத்தலப்பா. நீயே யோசி."

போனை வைத்ததும் கணவர், "அவ்வளவுதான், கை கழுவிட்டான்" என்றார். பெட்டியக்கா மேஜைமேல் கிடந்த மாத்திரைப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. நான்கு வரிச் செய்தி. கீழே பெயர், பதவி, தேதி. கடைசி வரி: 'அக்கா இல்லாமல் எங்களுக்கு இந்த மெஷினை ஓட்டத் தெரியவில்லை.'

பெட்டியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே திரும்ப அழைத்தார். "தம்பி, வெந்நீர் போட்டாச்சா?"

கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, மேலாளர் செஞ்சதுக்கு மெஷின் என்ன பண்ணும்?"

அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. வேலையைத் திரும்பக் கேட்டு அவர் கொடுத்திருக்கும் மனுவோடு அந்த நான்கு வரியும் அச்செடுத்து இணைக்கப்பட்டிருக்கிறது. மேலாளர் என்ன சொல்லித் தப்பப் பார்ப்பாரோ தெரியாது. பயந்துகொண்டே ஒருவர் எழுதினார். அதனால் பெட்டியக்கா வெறுங்கையோடு போகவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வாருங்கள். விடுப்பில் இருக்கும் உங்கள் சக ஊழியரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? அதை ஒரு தாளில் எழுதுங்கள். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். அவருக்கும் ஒரு கடிதம் வருவதற்கு முன்னால், இன்றைக்கே.