ஏர்க்கால் தூக்கிய வீடு

போர்ட் பிளேர் லம்பா லைனில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு சக்கரங்களும் ஒரு கொக்கியும் உண்டு. அப்பா வேலை பார்த்த சாலைக் கான்ட்ராக்டர் எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய டிரெய்லர் அது. தகரக் கூரை, பலகைச் சுவர், உள்ளே ஒரு மேடை அடுப்பு. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்தை, மாட்டுவண்டிப் பழக்கத்தில், அம்மா ஏர்க்கால் என்பாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டைச் 'சக்கேவாலா கர்', சக்கர வீடு, என்று கேலி செய்வார்கள். சாலை எதுவரை போகிறதோ அதுவரை எங்கள் வீடும் போகும். நான் மூன்றாம் வகுப்புக்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறியிருந்தேன்.

அந்த முறை கராச்சர்மாவையும் தாண்டித் தெற்கே, காட்டை வெட்டிப் போடும் புதிய சாலைக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா முன்னதாகவே போய்விட்டார். கிளம்பும்போது அம்மாவிடம் அவர் சொன்னது தெளிவாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டிராக்டரோடு வருவேன். மறுநாள் டிராக்டரைப் படகில் ஏற்றி வேறு தீவுக்கு அனுப்புகிறார்கள். நான் வரும்போது டிரெய்லர் உருளும் நிலையில் இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் நீங்கள் ஊருக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் இருங்கள்.

டிரெய்லரின் இடது சக்கரம் மாதக்கணக்கில் காற்றில்லாமல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. மாற்றுச் சக்கரம் வீட்டுக்கு அடியிலேயே இருந்தது. மாற்றும் வேலையைச் சித்தப்பாவிடம் விட்டிருந்தார் அப்பா. சித்தப்பா லாரி ஓட்டுபவர். துறைமுகத்து ஏற்றத்தில், பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்க அடிக்க, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே டயர் மாற்றியவர் என்று பெயர்.

சக்கரம் சரியாகக் கூடாது என்பது என் விருப்பம். நடை பழகிய வயதிலேயே கப்பலேறி வந்தவள் நான். மெட்ராசில் இறங்கி ரயிலில் போகவேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேனே தவிர, ரயில் எப்படி இருக்கும் என்று தெரியாது. அம்மாவுக்கு ரயிலும் தெரியும், பெரியப்பா வீடும் தெரியும். கல்யாணமான புதிதில் அப்பா இங்கே வந்துவிட, அவள் அந்த வீட்டில்தான் என்னைப் பெற்றாள். அப்பா என்னை முதலில் பார்த்தது போர்ட் பிளேர் ஜெட்டியில், நான் நடக்கத் தொடங்கிய பிறகு. மறுபடி அப்படிப் பிரிந்து இருக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார். வந்தவர் டீ கேட்டார். குடித்துவிட்டு ஜாக்கிக்கு எண்ணெய் வேண்டும் என்று போனார். திரும்பி வந்து வானத்தைப் பார்த்தார்.

"மழ வரும் போலிருக்கு மதினி. நேத்து பெஞ்சதுலயே மண்ணு ஊறிக் கெடக்கு."

"வந்தா நனைவோம் கொழுந்தனாரே. சக்கரத்தப் பாருங்க."

இன்று நான் ஒரு பணிமனையில் வேலை பார்க்கிறேன். பாரவண்டியைத் தூக்குமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கேட்டால் தூக்கத்திலும் வரிசையாகச் சொல்வேன்: தரை, எதிர்ச்சக்கரம், நட்டு, உள்ளிருக்கும் பாரம், அச்சுக்கு அடியில் முட்டு. ஐந்தையும் அன்று சித்தப்பா விட்டுவிட்டார். அத்தனை பெரிய டிரைவருக்கு இது எப்படி மறந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஜாக்கியை வெறும் மண்ணில் வைத்து உயர்த்தினார். வீடு உயரவில்லை, ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது.

"பாத்தீங்களா, மண்ணு தாங்கல. நான் என்ன செய்ய?"

அம்மா விறகுக் குவியலுக்குப் போனாள். மர மில்லில் கழித்துப்போட்ட படாக் துண்டுகளைத்தான் அங்கே எல்லோரும் அடுப்பெரித்தோம். ஊரில் அந்த மரத்தில் வாசக்கால் வைத்தால் தெருவே வந்து பார்க்கும். குவியலைக் கலைத்துத் தட்டையான, கனத்த துண்டுகளாகப் பொறுக்கினாள். இரண்டை ஜாக்கிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். இரண்டை வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடித்து இறுக்கினாள். மிச்சத்தை அச்சுக்கு அடியில் அடுக்கினாள்.

"அது எதுக்கு மதினி?"

"ஜாக்கி சறுக்கினா வீடு இதுமேல ஒக்காரட்டும். உங்க கைமேல வேண்டாம்."

சித்தப்பா மறுபடியும் ஜாக்கியைப் பிடித்தார். "நட்டு?" என்றாள் அம்மா. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். அப்பா செய்வதை அவள் எத்தனையோ முகாமில் பார்த்தவள். சித்தப்பா ஸ்பானரை மாட்டி இழுத்தார். துரு பிடித்துக் கெட்டியாகிவிட்டது என்றார். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஸ்பானர் கைப்பிடியின் நுனியில் ஏறி நின்றாள். நட்டு கிறீச்சிட்டு இளகியது. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். என் குட்டித் தங்கச்சியைப் பக்கத்து வங்காளி அக்காவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத் தூக்குங்க" என்றாள்.

வீடு அசைந்தது. கொஞ்சம் எழும்பியது. பின்பக்கத்துக்கு முட்டாக வைத்திருந்த கற்களைவிட்டு மேலே வந்ததும், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வீடு மெதுவாகப் பின்னால் சாய்ந்தது. முன்னால் ஏர்க்கால் ஆகாயத்தைப் பார்த்துக் கிளம்பியது. உள்ளே பாத்திரங்கள் சரிந்து உருளும் சத்தம் கேட்டது. அம்மா ஓடிப்போய் ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினாள். நானும் தொங்கினேன். எங்கள் பாரத்தில் அது அரைமனதாகக் கீழே வந்தது.

"எறக்குங்க, எறக்குங்க!"

சித்தப்பா அவசரமாக இறக்கினார். அவர் முகம் உண்மையாகவே வெளுத்திருந்தது. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பின்சுவர் ஓரம் தண்ணீர் டிரம், விளிம்புவரை நிறைந்து. கோடை முழுக்கக் குழாயடியில் வரிசையில் நின்றோம். முந்தின நாள்தான் முதல் மழை. கூரைத் தகரத்தில் வழிந்த தண்ணீரைத் துணி கட்டி வடித்து, ஆசை ஆசையாய் நிரப்பியது. லம்பா லைனில் அன்று டிரம் வைத்திருந்தவர்கள் எவரும் செய்திருக்கக்கூடிய தவறுதான்.

"போதும் மதினி," என்றார் சித்தப்பா. இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "ஊருக்குப் போயிருங்க. அந்தக் காட்டுல பிள்ளைக்குக் காச்சல் வந்தா என்ன செய்வீங்க? போன முகாம்ல சின்னவ நடுங்குனது மறந்துபோச்சா?"

"மறக்கல." அம்மா டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதக் காலி பண்ணணும்."

"கொட்டிருவோமா?"

"தண்ணியக் கொட்டுவாகளா யாராவது?"

வெளியே வந்து, தண்ணீர் எடுத்துப்போக எல்லோரையும் தனக்குத் தெரிந்த இந்தியில் உரக்கக் கூப்பிட்டாள். "தீதி! பானி லே ஜாவ்! சப் லோக் ஆவ்!"

கல்யாண விருந்துக்குக்கூட அப்படி வந்திருக்கமாட்டார்கள். வங்காளி அக்கா, தெலுங்குக்காரம்மா, மலையாளத்துச் சேச்சி எல்லோரும் குடமும் வாளியுமாக வந்தார்கள். டிரம் காலியானது. ஆனால் தண்ணீரை வைத்துவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்க்கத் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மா அவர்களில் கனமான இரண்டு பேரை ஏர்க்கால்மேல் உட்காரச் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, சித்தப்பாவைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

"டிரைவர் பாபு, ஜல்தி கரோ. கியா, தாக்கத் நஹீ ஹை?" என்று தெலுங்குக்காரம்மா கேட்க, சிரிப்பு எழுந்தது.

பலமில்லையா என்று பெண்கள் கூட்டம் கேட்ட பிறகு சித்தப்பாவால் சோம்பி நிற்க முடியவில்லை. ஜாக்கி மளமளவென்று ஏறியது. வீடு நேராக எழும்பி நின்றது. பழைய சக்கரம் கழன்றது, புதியது ஏறியது. நட்டுகளை என் பாவாடை மடியில் போட்டிருந்தார்கள். ரயில் பார்க்கும் ஆசை அப்போதும் எனக்கு இருந்தது. ஆனால் பொறுப்பு கொடுத்துவிட்டால் ஆசை மறந்துபோகும் பிள்ளை நான். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். எதிரும் புதிருமாக முடுக்கி, வீட்டை இறக்கி, தரையில் நின்ற பிறகு அம்மா மறுபடி ஸ்பானர்மேல் ஏறி இறுக்கினாள்.

வெயில் சாய்ந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. அப்பா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"என்னல இது?"

"நான் என்ன செய்ய, அண்ணே? மதினி ஸ்பானர் மேல ஏறி நின்னுட்டாக."

அப்பா அம்மாவிடம் வந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"அங்க ஆஸ்பத்திரி கெடையாது."

"தெரியும். கொக்கிய மாட்டச் சொல்லுங்க."

அவர் ஸ்பானரை வாங்கிக்கொண்டு சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். ஒரு நட்டில் மாட்டி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததைப் பார்த்தார். சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். டிராக்டர்காரர் கையைக் காட்டி நேரமாகிறது என்றார். என் அப்பாவைப் போலக் கவனமான வேலைக்காரர் இந்தத் தீவிலேயே கிடையாது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களை ஊருக்கு அனுப்ப ஒரு சாக்காக ஒன்றாவது இளகியிருக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையிலிருந்து எல்லோரையும் விரட்டியவள், அவரை மட்டும் அவசரப்படுத்தாமல், தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் தேடி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.