இடையூறு நாட்களின் பட்டியல்

தங்கை வீட்டிலேயே இருக்கிறாள் என்பதற்காகத் தமிழரசி பூத் ஸ்லிப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடவில்லை. கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்புறம், இரண்டாம் மாடியில் இருக்கும் தங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு அழைப்பு மணியை அடித்தாள்.

"மஹிமா மணிவேல் இருக்காங்களா?"

"அக்கா, காப்பி ஆறுது. உள்ள வா."

"வரிசை எண் அறுநூத்திப் பதினாலு. வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க."

மஹிமா கையெழுத்துப் போட்டாள். அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள். தமிழரசி அங்கன்வாடிப் பணியாளர். தேர்தல் வந்தால் அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியல் அவள் பொறுப்பு. ஆயிரத்து நாற்பத்தொரு பேருக்கும் ஒரே முறைதான், தங்கைக்கு மட்டும் வேறு முறை கிடையாது.

அந்த வியாழக்கிழமைக் காலையில் மஹிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்லிப்பில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த புதன்கிழமை.

மஹிமாவுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். அப்பா மணிவேல் தென்கிழக்கு ரயில்வேயில் கிளார்க். அம்மா முன்பே போய்விட்டாள், ஓய்வு பெற்ற மறுவருஷம் அப்பாவும் போனார். அப்போது மஹிமாவுக்குப் பதினொன்று, தமிழரசிக்குப் பத்தொன்பது. பத்தாம் வகுப்போடு நின்ற அக்காவின் சம்பளத்தில் தங்கை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அக்காவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தாள். அக்கா இன்றும் அதைத்தான் கட்டுகிறாள், இரண்டு முறை வார் மாற்றியாகிவிட்டது.

மஹிமாவுக்கு வேலை, கணினி நிறுவனங்கள் நிறைந்த செக்டர் ஃபைவில். இங்கிலாந்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டு மனுக்களை இங்கே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். மான்செஸ்டரில் யாருடைய வீட்டுக் கூரையிலாவது மழை ஒழுகினால், அந்த ஈரத்தின் படம் கொல்கத்தாவுக்கு வரும். பதினைந்து வருஷத்தில் மஹிமா ஒரு குழுவின் தலைவி ஆகியிருந்தாள். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பேர். ஜூனில் தளத்துக்கே தலைவி ஆவாள் என்று பேச்சு. மான்செஸ்டரில் மணி ஒன்பது அடிக்கும்போது இங்கே பிற்பகல் ஒன்றரை. அப்போது தொடங்கும் வேலை இரவு பத்தரைக்கு முடியும்.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்ததும், மான்செஸ்டரில் இருக்கும் மேலதிகாரி கிரஹாமின் மின்னஞ்சல் வந்திருந்தது. அடுத்த புதன்கிழமை கொல்கத்தாவில் போக்குவரத்து குறைவாக இருக்கும் என்று பட்டியலில் கண்டதாகவும், வழக்கமான ஏற்பாட்டையே செய்யலாம் என்றும் எழுதியிருந்தார். வழக்கமான ஏற்பாடு என்றால் பந்த் அன்று செய்வது. முந்தின நாளே எல்லோரையும் நியூ டவுன் விருந்தினர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். விடுதியிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து விடுதிக்கும் வேன். வீட்டுக்கு மறுநாள்தான்.

கூடவே ஒரு படிவம். நிறுவனத்தின் குருகிராம் வக்கீல் தயாரித்தது. 'இவர் அன்று வராவிட்டால் நிறுவனத்துக்குக் கணிசமான இழப்பு ஏற்படும்' என்று ஒவ்வொருவர் பெயரிலும் ஒன்றாக இருபத்து மூன்று. மஹிமாவின் பெயரிலும் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவள் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அவள் தலைவியான பிறகு இந்தச் சிக்கல் வந்ததில்லை. போன தேர்தலில் வாக்குப்பதிவு சனிக்கிழமை. அதற்கு முந்தையதில் தொற்றுக்காலம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள்.

அவள் வக்கீலை அழைத்தாள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று கேட்டாள்.

"இருக்கிறது. கணிசமான இழப்பு வரும் என்றால் தர வேண்டாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்குத்தான் படிவம்" என்றார் அவர். "அப்படியே மீறினாலும் அபராதம் அதிகபட்சம் ஐந்நூறு ரூபாய், மேடம்."

பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்மிதா காதில் இது விழுந்துவிட்டது. ஸ்மிதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, குழுவில் மூத்தவள், அதனால் எல்லோருக்கும் 'தி', அதாவது அக்கா. வீடு கானிங்கைத் தாண்டி ஒரு கிராமத்தில்.

"அப்ப எனக்கு ஓட்டு இல்லைன்னு சொல்லு" என்றாள் வங்காளத்தில். "எங்க பூத்துக்கு ரயில்ல போயி, பேட்டரி டோட்டோவுல போயி, அப்புறம் நடக்கணும். ஏழு மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடிடுவான். விடுதியிலிருந்து கையை நீட்டினா எட்டுமா?"

"இன்னும் முடிவாகலை, ஸ்மிதா-தி."

"நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஸ்மிதா ஒழுகும் கூரை ஒன்றைத் திறந்துகொண்டாள்.

மறுநாள் காலை மஹிமா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா தரையில் உட்கார்ந்து பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அறுநூத்திப் பதினாலு. அப்ப உன்னை இடம் மாறிட்டாங்கன்னு குறிச்சிடவா? புது விலாசம், கிரஹாம் வீடு, மான்செஸ்டர்."

"விளையாடாத அக்கா."

"நானா விளையாடறேன்? தெருத்தெருவா ஏறி இறங்கி, செத்தவங்க யாரு, போனவங்க யாருன்னு எழுதிட்டு வந்திருக்கேன். உயிரோட இருக்கிற இருபத்து மூணு பேரை நீ ஒரே கையெழுத்துல காணாமப் பண்ணிடுவ போலிருக்கே."

மஹிமாவுக்குச் சுருக்கென்றது. "உனக்கென்ன தெரியும்? இந்த வேலை இங்க இருக்கிறதே அவங்க தயவுலதான். பிடிக்கலைன்னா நாளைக்கே மணிலாவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம சர்க்கார் என்ன பண்ணும்? ஐந்நூறு ரூபா ஃபைன் போடும். அவங்களுக்கு அது டீச்செலவு."

"ஐந்நூறோ அஞ்சோ, அது இந்த ஊர்ச் சட்டம்டி. பூத்துல கிரஹாமுக்கு வரிசை எண் இல்ல. உனக்கு இருக்கு." அக்கா ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "சரி, கேக்கறேன். அவருக்கு எப்படித் தெரிஞ்சுது நமக்குப் புதன்கிழமை ஓட்டுன்னு? அவ்வளவு தூரத்துல இருந்து?"

"பட்டியல்ல இருக்கு."

"எந்தப் பட்டியல்?"

மஹிமா மடிக்கணினியைத் திறந்தாள். 'கொல்கத்தா: இடையூறு நாட்கள்' என்ற அட்டவணை. ஒவ்வொரு வருஷமும் யாராவது தேதிகளை மட்டும் மாற்றுவார்கள். முதல் வரி பந்த். இரண்டாவது புயல். அடுத்து, பெருமழைக்குப் பின் தெருவில் நீர் தேங்கும் நாட்கள். பிரிகேட் மைதானத்தில் பெரிய கூட்டம் நடக்கும் நாள். ஐந்தாவது வரி: வாக்குப்பதிவு நாள், பேருந்துகள் குறைவு.

அடியில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், தயாரித்தவர் பெயர். எம். மஹிமா.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம். உங்கள் ஊரில் வேலையைத் தடுக்கக்கூடியவை எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள் என்று மான்செஸ்டரிலிருந்து கேட்டார்கள். எதையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்கா அதை அச்செடுத்துக்கொண்டுபோய்க் கீழ்வீட்டுப் பெரியம்மாவான அமலா மாஷிமாவிடம் காட்டினாள். அன்று மாலைக்குள் பேட்டை முழுவதும், மணிவேலின் சின்ன மகளுக்கு லண்டன் சர்க்கார் மெடல் கொடுத்துவிட்டது என்று பேச்சாகிவிட்டது.

வாக்குப்பதிவு நாளைப் புயலுக்கும் தேங்கின நீருக்கும் பக்கத்தில் உட்கார வைத்தது கிரஹாம் இல்லை. அவள்தான்.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. இன்னைக்குச் சீக்கிரம் போறேன்."

பதினோரு மணிக்கே அலுவலகம் போய்விட்டாள். கையில் இருந்த மனுக்களை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் புதன்கிழமையே முடித்தாக வேண்டியவை எத்தனை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்பது. ஒன்பதையும் செவ்வாய்க்கிழமையே முடித்துவிடலாம். அவசர அழைப்பு வந்தால் எடுக்க மான்செஸ்டரிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். ஆக, கணிசமான இழப்பு எதுவும் இல்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் பொய்க்குக் கையெழுத்திட்டதாகும்.

அட்டவணையின் ஐந்தாவது வரியை வெட்டினாள். அதே கோப்பில் வேறொரு தாள் இருந்தது, 'சட்டப்படி விடுமுறை'. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று இருந்த வரிசையின் கீழே அதை ஒட்டினாள். படிவங்கள் இருபத்து மூன்றையும் கையெழுத்தில்லாமலே இணைத்து, மனுக்களின் கணக்கையும் சேர்த்துக் கிரஹாமுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் ஜூனில் வரவிருந்த பதவி உயர்வு ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்றே முக்காலுக்குக் கிரஹாம் அழைத்தார். திரையில் முகம் தெரிந்தது, கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

"எனக்கு ஒன்று புரியவில்லை, மஹிமா. எங்கள் ஊரிலும் வேலைநாளில்தான் வாக்களிக்கிறோம். யாரும் விடுமுறை எடுப்பதில்லை. உங்கள் ஆட்கள் வேலை முடித்துவிட்டுப் போகலாமே?"

"வேலை முடிவது பத்தரைக்கு. வாக்குச்சாவடி ஆறு மணிக்கு மூடிவிடும்."

"ஆறுக்கா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்களுக்கு இரவு பத்து மணி வரை உண்டு. நான் எப்போதும் சாப்பிட்டு முடித்து, நாயை நடத்திக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வருவேன். அது வாசலில் காத்திருக்கும்."

"இங்கே அவரவர் பூத்தில்தான் போட முடியும். ஸ்மிதாவின் பூத் அலுவலகத்திலிருந்து மூன்று மணி நேரம். விடுதியில் தங்கினால் ஒருவரும் போட முடியாது."

அவர் திரைக்கு அந்தப் பக்கம் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் இது ஏன் புயலோடு சேர்ந்து இருந்தது?"

"நான்தான் சேர்த்தேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால். என் தவறு."

கிரஹாம் சிரித்துவிட்டார். "பதினாலு வருஷமாக நானும்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். சரி, எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். வக்கீலிடம் நான் பேசுகிறேன். ஆனால் மே மாதம் முதல் வியாழன் எங்கள் உள்ளாட்சித் தேர்தல். அன்று என் ஆட்களை நான்கு மணிக்கே அனுப்பப் போகிறேன். மிச்ச வேலை உங்கள் தலையில்."

"பார்த்துக்கொள்கிறோம்" என்றாள் மஹிமா. அழைப்பு முடிந்ததும்தான், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பின்னால் சாய்ந்தாள். ஜூன் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு தாராளமாக வந்தது, அன்றைக்கு அது போதும்.

ஸ்மிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து தேங்காயும் வெல்லமும் பிடித்த நாரு உருண்டை இரண்டை எடுத்து மஹிமாவின் மேசையில் வைத்தாள்.

புதன்கிழமை மஹிமா ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இருந்தாள். மரத்தடி மேசையில் அக்கா பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். தங்கையை ஏற இறங்கப் பார்த்து, "பேரு?" என்றாள். பின்னால் நின்ற அமலா மாஷிமா வாய்விட்டுச் சிரித்தாள். மஹிமா பெயரைச் சொல்லி, ஸ்லிப்பைக் காட்டி, அறை எண்ணைத் தெரிந்துகொண்டு வரிசையில் போய் நின்றாள்.

வெளியே வந்த பிறகு கைபேசியில் விரல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவரும் மை வைத்த விரலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார்கள். ஸ்மிதாவின் விரலுக்குப் பின்னால் தென்னையும் ஒரு குளமும் தெரிந்தன. மூன்று மணிக்குள் இருபத்தொன்று வந்துவிட்டன. அலுவலகக் குழுவில் மது என்ற பையன் மட்டும் பாக்கி. காளிகாட்டில், பூத்திலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் அவன் வீடு. ஐந்து முறை அழைத்தும் எடுக்கவில்லை. மஹிமாவுக்கு விதவிதமாகக் கவலை வந்தது. ஐந்தே முக்காலுக்கு எடுத்தான்.

"மஹிமா-தி... தூங்கிட்டேன். லீவு நாளாச்சே."

"உன் லீவுக்காகத்தான்டா நான் கிரஹாம்கிட்ட மல்லுக்கு நின்னேன்! ஓடு!"

தன்னை அறியாமல் தமிழில் கத்திவிட்டாள். அவனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனால் ஓடினான். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டு கையில் இருந்தால் நேரம் கடந்தாலும் போடலாம். ஆறு பத்துக்கு மதுவின் விரல் வந்தது. கையில் கசங்கின சீட்டு, அதில் எண் இரண்டு. அவனுக்கு அப்புறம் வந்தவர் ஒரே ஒருவர்தான்.

மஹிமா விரல்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அக்காவை அழைத்து வரப் போனாள். மேசையை மடக்கியாகிவிட்டது. தமிழரசி பட்டியலைப் பைக்குள் வைத்தபடி அமலா மாஷிமாவிடம் வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க மஹிமா இருக்காளே, ஒரே ஒரு கடிதாசி. இங்கிலாந்துக்காரங்க அவங்க சட்டத்தையே மாத்திட்டாங்க."

திருத்தலாம் என்று மஹிமா வாயைத் திறந்தாள். பிறகு பையைத் தான் வாங்கிக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் நடந்தாள்.