பேன் என்று படித்தேன்

என் தலையெழுத்து நாலே எழுத்தில் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், சுகாதார ஊழியர்களாக எங்களைப் பத்துப் பேரைத் தற்காலிகமாக எடுத்தார்கள். புயல், காலரா என்று வந்தால் என்ன செய்வதென்று மூன்று மாதம் பயிற்சி. கடைசி நாள் ஒத்திகையில் தேறினால்தான் வேலை நிலைக்கும். அப்பாவுக்கு மில்லில் வேலை போயிருந்த நேரம். வீட்டில் எல்லார் கண்ணும் என் மேல்தான்.

பயிற்சி கொடுத்த டாக்டர் சென்னையிலிருந்து வந்த தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. ஒத்திகையில் ஆபீஸ் ஆட்களே நோயாளிகள். ஒவ்வொருவர் சட்டையிலும் சீட்டுக் குத்தி, என்ன குறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை உரக்கப் படிப்பது என் பொறுப்பு. பத்துப் பேரில் படிப்பாளி நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதலில் குமாஸ்தாவைத் தூக்கி வந்தார்கள். எண்ணெய் மினுமினுக்க, நெற்றியில் சுருள் விட்ட கிராப்பு. சீட்டில் நாலே எழுத்து. ஆங்கிலத்தில் அது 'பெயின்', அதாவது வலி. அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் 'பேன்' என்று படிப்போம், ரொட்டி என்று பொருள். பாவம், பசி மயக்கம், ரொட்டி கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "பேன்!" என்று கத்தினேன்.

மருந்தடிக்கும் அண்ணன் உழவர்கரைக்காரர். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பேன் என்றால் அவருக்குப் பேன்தான். டி.டி.டி. பூச்சிப்பொடிப் பம்பை எடுத்து வந்து அந்தக் கிராப்பு வெளுக்க வெளுக்க அடித்தார். குமாஸ்தா தான் நோயாளி என்பதையே மறந்து எழுந்து ஓடினார்.

"எதுக்குண்ணா அடிச்சீங்க?"

"நீதானம்மா பேனுன்னு கத்துன?"

டாக்டர் வந்ததும் எல்லார் சிரிப்பும் நின்றது. நடந்ததைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அவர் சீட்டைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது. இனிமே தமிழ்ல எழுதறேன். ஆனா நீ இன்னும் மூணு மாசம் தற்காலிகம்தான்" என்றார்.

ஐப்பசியில் நோணாங்குப்பம் பக்கம் நிஜமாகவே வெள்ளம் வந்தது. டாக்டர் படகுத்துறையில் நின்று, வந்தவர்களைப் பார்த்து, சீட்டுக் குத்தி எங்களிடம் அனுப்பினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிய ஒருவரை அண்ணன்தான் தூக்கி வந்தார்.

"இன்னா எழுதியிருக்காரும்மா? பாத்துப் படி."

கோணல் மாணலாக 'வழி' என்று எழுதியிருந்தது.

"வலி!" என்று உரக்கப் படித்தேன். உடனே மருந்தோடு வந்தார்கள்.

சாயங்காலம் டாக்டர், "என் தமிழ் சரியா இருந்துதா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல சார்."

மறுவாரம் என் வேலை நிரந்தரமானது. அந்தப் பொய்க்காகக் கொடுத்ததல்ல என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.