ரவுண்டானாவைச் சுற்றிய நிலா

ஞாயிற்றுக்கிழமை துணி மடிப்பது மாஸ்டரின் வேலை. துவைப்பது மனைவி, காயப்போடுவது பெரிய மகள், மடித்ததைக் கலைப்பது சின்னவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதால் தெருவுக்கே அவர் மாஸ்டர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பயிற்சிக் காரின் இடது சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து, ஊரார் இடிக்கப்போவதையெல்லாம் இடிக்கவிடாமல் தடுப்பதுதான் அவர் பிழைப்பு. அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. டம்ளர் மேசை விளிம்புக்குப் போனால் தரையை மிதிக்கும். டிவியில் யாராவது திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தால் மிதிக்கும்.

அன்றைக்குப் போர்வையின் நான்கு மூலைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தபோது பெரியவள் வந்து நின்றாள்.

"அப்பா, நிலா ஏன் எப்பவும் ஒரே பக்கத்தையே நமக்குக் காட்டுது?"

போர்வை கையிலேயே நின்றது. அவள் அவரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு" என்று சொன்னதோடு அந்தக் கடை மூடிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாச் சந்தேகமும் மாமாவுக்குத்தான் போனது. மாமா என்றால் மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர்.

"என்னையா கேக்கற?"

"மாமா போன் எடுக்கல. பரவால்ல, சாயங்காலம் வருவாருல்ல, அப்பக் கேட்டுக்கறேன்."

"சாயங்காலம் எதுக்கு? இப்பவே சொல்றேன், வா."

மனைவி கூடத்தில் ஸ்டூல் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பூமி" என்றார்.

"நான் பூண்டு உரிக்கிறேன்."

"உரிச்சுக்கிட்டே பூமியா இரு."

பெரியவளை நிலாவாக நிறுத்தினார். ஒரே பக்கம்தான் தெரிகிறது என்றால் நிலா திரும்பவே திரும்பாது என்று அர்த்தம். இதிலென்ன பெரிய அறிவியல்?

"மூஞ்சி ஜன்னல் பக்கமே இருக்கணும். ஸ்டியரிங்கத் தொடாத. அம்மாவச் சுத்து. மெதுவா, ஃபர்ஸ்ட் கியர்ல."

நிலா நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது.

"இப்ப மூக்குத் தெரியுது" என்றாள் பூமி. "இப்பக் காது. இப்ப வெறும் பின்னல்தான் தெரியுது. அதையும் ஒழுங்காப் பின்னல."

"நிலாவுக்குப் பின்பக்கம் தெரியக் கூடாதே!"

"அத உங்க நிலாகிட்டச் சொல்லுங்க."

பின்புறமாக வந்த நிலா, மடித்து வைத்த துணி அடுக்கை நெருங்கியது. மாஸ்டரின் வலது கால் தன்னையறியாமல் ஓங்கி மிதித்தது, அடுக்கின் மேலேயே. துணியெல்லாம் சரிந்தது. சின்னவள் கைதட்டி அதன்மேல் விழுந்து புரண்டாள்.

"பரவால்லப்பா" என்றாள் பெரியவள். "டென்ஷனாகாத. மாமா வரட்டும், பாத்துக்கலாம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. லைசென்ஸ் டெஸ்டில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு இறங்குகிறவர்களிடம் அவர் பேசும் குரல் அது. அச்சு அசலாக அதே குரல்.

"பிரட் தீந்துபோச்சு" என்றாள் மனைவி. துணிக் குவியலைப் பார்த்ததும், "ரெண்டு பேரையும் கூட்டிட்டுக் கொஞ்ச நேரம் வெளிய போங்க மாஸ்டர்" என்றாள்.

காரில் பெரியவள் மாஸ்டருக்குப் பின்னால், வலது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சின்னவள் இடது ஜன்னல். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்டானா. நடுவில் ஒரு ஃபவுண்டன். அதிசயமாக அன்றைக்குத் தண்ணீர் வந்தது.

"ஐ, ஃபவுண்டன்!" என்றாள் பெரியவள்.

"எங்க? எனக்குத் தெரியல! அக்கா தல மறைக்குது! அப்பா, இன்னொரு சுத்துப் போ!"

மாஸ்டர் இன்னொரு சுற்றுப் போனார். சின்னவளுக்கு பாங்க் தெரிந்தது, மருந்துக் கடை தெரிந்தது, சைக்கிள் கடை தெரிந்தது, மறுபடியும் பாங்க் தெரிந்தது. ஃபவுண்டன் மட்டும் தெரியவில்லை. அழ ஆரம்பித்தாள்.

"எத்தன சுத்துப் போனாலும் உன் பக்கத்துக்குத் தெரியாதுடி. நடுவுல இருக்கறது எப்பவும் அக்கா பக்கம்தான் வரும். ஏன்னா நான் வண்டியத் திருப்பிக்கிட்டே..."

கால் பிரேக்கில் விழுந்தது. இந்தத் தடவை நிஜ பிரேக். பின்னால் வந்த ஆட்டோ தன் ஹாரனில் அவருடைய பரம்பரையையே விசாரித்தது.

"திருப்பிக்கிட்டே போறதாலதான் ஒரே பக்கம் தெரியுது!" என்று பெரியவளிடம் கத்தினார் மாஸ்டர். "நிலா திரும்பாம இல்ல! ஒரு சுத்து வர்றதுக்குள்ள அதுவும் சரியா ஒரு தடவ திரும்பிடுது! ஃபவுண்டன்தான் பூமி, நம்ம கார்தான் நிலா. உன் ஜன்னல்தான் நமக்குத் தெரியற பக்கம்!"

பெரியவள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள். "மறுபடி போப்பா."

மறுபடி போனார். இந்த முறை அவள் கடைகளையும் ஃபவுண்டனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆமாப்பா! கார் பாங்கப் பாக்குது, அப்புறம் மருந்துக் கடையப் பாக்குது, எல்லாப் பக்கமும் திரும்புது. ஆனா ஃபவுண்டன் என்னைய மட்டுமே பாக்குது!"

"அப்ப நானு?" என்றாள் சின்னவள் விசும்பலுக்கு நடுவே.

"நீ நிலாவோட முதுகு" என்றாள் பெரியவள். "உன்னைய இங்கேருந்து யாராலயும் பாக்க முடியாது."

அழுகை இரண்டு மடங்கானது. அவளைச் சமாதானப்படுத்த இடம் மாற்றி உட்காரவைத்து மேலும் சுற்றியதில் போக்குவரத்துப் போலீஸ்காரம்மா விசிலோடு வந்து நின்றார். அவரும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்தான்.

"என்ன மாஸ்டர், வெளிய போற வழி மறந்துபோச்சா? லீவு நாள்ல யாருக்குக் கிளாஸ்?"

"பொண்ணுக்கு மேடம். நிலாப் பாடம்."

அவர் நடுப்பகல் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தி. வீட்டுக்குப் போங்க" என்றார், மென்மையாக.

வீட்டுக்குப் போன பிறகுதான் பிரட் ஞாபகம் வந்தது. மனைவி பூண்டுத் தட்டைக் கீழே வைத்த சத்தம் வாசல் வரை கேட்டது.

சாயங்காலம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க போன் எடுக்காததே நல்லதாப் போச்சு." ஸ்டூலை ஃபவுண்டனாக்கி, தங்கையை முதுகில் சுமந்துகொண்டு, வலது தோள் எப்போதும் ஸ்டூல் பக்கமே இருக்கும்படி சுற்றிக் காட்டினாள். தங்கைக்கு இப்போது முதுகுப் பதவி பிடித்துப்போயிருந்தது.

"சரியாச் சொல்லிட்டியே!" என்றார் மாமா. "நான் ஆரஞ்சுப் பழத்த வச்சுத்தான் நடத்துவேன். பாதி வகுப்பு பழத்தத்தான் பாக்கும். அத்தான், இந்த ரவுண்டானாவ நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க மச்சான். எல் போர்ட மட்டும் மாட்டிக்கோங்க" என்றார் மாஸ்டர். காலையில் சரிந்த துணிகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

பெரியவள் நின்றாள். தங்கையை இறக்கிவிட்டாள்.

"ஆனா காரத் திருப்பினது நீதானே. நிலாவ யாரு அவ்ளோ கரெக்டாத் திருப்பறாங்க? கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாக்கூட முதுகு தெரிஞ்சிடுமே?"

"அது வந்து பாப்பா, பூமி என்ன பண்ணுதுன்னா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"உங்கள இல்ல மாமா. அப்பாவக் கேட்டேன்."

மாமா வாயை மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கால் மேசைக்கடியில் தம்பியின் கால்மேல் அழுத்தமாக இறங்கியது. மூடிக்கொண்டார்.

மாஸ்டர் கடைசிப் போர்வையை அடுக்கின்மேல் வைத்தார். தட்டிச் சமன் செய்தார். நால்வரும் அவரையே பார்த்தார்கள். அவருடைய வலது கால் தரையை ஒரு தடவை மிதித்துப் பார்த்தது. அங்கே பிரேக் ஒன்றும் இல்லை.

"பிரட் வாங்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தார். மகள் தன்னைத்தான் கேட்டாள் என்பதில் வந்த அடக்க முடியாத சிரிப்பை யாருக்கும் காட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, வெளியே போனார்.