ஓரகத்தியின் வேனும் நான் போட்ட ஃபோமும்

போன வருடம் ஜூன் பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்பு நடந்தது. நான் சிங்கப்பூரில், தெம்பனிஸ் பகுதியில் வீட்டிலிருந்தபடியே சோபா உறை, குஷன் தைத்துக் கொடுப்பவள். உட்லண்ட்ஸில் இருக்கும் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்தி வைத்திருந்தாள். வேனுக்குள்ளேயே அடுப்பு, பிரிட்ஜ், இழுத்துப் போட்டால் படுக்கையாகிவிடும் இருக்கைகள். சனிக்கிழமை பாலத்தைக் கடந்தால் போதும், குடும்பத்தோடு ஊர் சுற்றலாம். என் வீட்டுக்காரர் என்னைக் கடைசியாக எந்த ஊருக்குக் கூட்டிப்போனார் என்று எனக்கே நினைவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது.

"அக்கா, சீட்டெல்லாம் பள்ளமாயிருச்சு. உள்ள ஃபோம் மட்டும் மாத்தணும். நீங்க செஞ்சா நல்லா இருக்கும் லா" என்று குஷன்களைக் காரில் ஏற்றி வந்து இறக்கினாள்.

லிட்டில் இந்தியா பக்கம் வழக்கமாக வாங்கும் கடையில், இருப்பதிலேயே மெத்தென்ற ஃபோமைக் காட்டினேன். கடைக்காரர் தடுத்தார். "இது முதுகு சாயத்தான் ஆகும்கா. உட்கார்ற இடத்துல போட்டா நாலு மாசம் தாங்காது."

எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக இதே வேலை. தெரிந்துதான் வெட்டச் சொன்னேன். உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டித் திணித்ததில், குஷன்கள் புது மாப்பிள்ளை போல விறைப்பாக நின்றன. அவள் படமெடுத்து, 'எங்க அக்கா கைவேலை' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நானும் கூச்சமே இல்லாமல் கைகூப்பும் இமோஜி ஒன்றைப் போட்டேன்.

செப்டம்பர் விடுமுறை முடிந்ததும் மறுபடி வந்தாள், எட்டு வயது மகளையும் இழுத்துக்கொண்டு. குஷன்கள் அப்பளமாகியிருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இவதான் அக்கா, குதிச்சுக் குதிச்சுக் கெடுத்துட்டா. உங்க உழைப்பெல்லாம் வீணாப்போச்சு. ரெண்டு அடி போட்டேன். அடுத்த ட்ரிப்புக்கு வரக்கூடாதுன்னும் சொல்லிட்டேன். பெரியம்மாகிட்ட சாரி சொல்லுடி!"

பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாரி பெரியம்மா. ஆனா நான் ரெண்டு தடவைதான் குதிச்சேன்" என்றாள்.

பிள்ளையை உட்காரச் சொன்னேன். என் வீட்டு சோபாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு நகர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அவ மேல தப்பில்ல. நான்தான் தெரிஞ்சே ஆகாத ஃபோமைப் போட்டேன். நீ வேன் வாங்கினது எனக்குப் பொறுக்கல" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

கத்துவாள், மாமியார் வரைக்கும் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். அவளோ தரையில் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ சொன்னத நம்பாம அடிச்சிட்டேன்மா, அம்மாவ மன்னிச்சிரு" என்று அழுதாள்.

அந்த வாரமே கெட்டியான ஃபோம் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பழையபடி பேச மட்டும் பல மாதமானது. பொறாமை எனக்கு இப்போதும் வருகிறது, வரவில்லை என்றால் அது பொய். ஆனால் வரும்போதெல்லாம், நான் செய்த தப்புக்கு ஒரு தாய் தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது கண்முன் வந்து நிற்கிறது, என் கை அங்கேயே நின்றுவிடுகிறது.