யானைக்கு மேடு ஆகாது என்றேன்

யானைக்கு மலை ஏறத் தெரியாது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னவன் நான். அதையும் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

அறுபதுகளின் கடைசி. பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் நான், வாத்தியார் நான், மணி அடிப்பதும் நான்தான். டவுனில் வளர்ந்த எனக்குத் தெரிந்த யானை ஒன்றே ஒன்று: திருவிழாவுக்கு வந்த கோயில் யானை. நாலு படி ஏற அது தயங்கியதைப் பார்த்ததோடு என் விலங்கியல் படிப்பு பூர்த்தியாகிவிட்டது.

பள்ளிக்கு அடுத்து, கரடு என்று ஊர் சொல்லும் பாறைக்குன்றின் அடியில் இருந்த நிலத்தை, மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்தது. முதல் ராகி அறுப்பு முடிந்து, கதிர்க்கட்டுகளைப் போர் போட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறுப்பு வரை வீட்டில் களி கிண்ட அதுதான். அந்தக் குடும்பத்து அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"சார், கீழ களத்துல போட்டா ஆனை வருதுங்கறாங்க. கரட்டு மேல பாறையில போடலாம்ங்களா? ஊருல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க படிச்சவங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"தாராளமா போடுங்கம்மா. அவ்ளோ பெரிய ஒடம்ப வெச்சிக்கிட்டு அது எப்படி மேடு ஏறும்? மூச்சு வாங்கியே செத்துடும்."

"அங்க பெருசு பெருசா லத்தி கெடக்குதுங்களே."

"எருமைச் சாணமா இருக்கும்மா."

இரண்டு நாள், புருஷனும் பெண்டாட்டியும் அத்தனை கதிர்க்கட்டுகளையும் தலைச்சுமையாக மேலே ஏற்றினார்கள். நாலாம் நாள் காலையில் அந்தம்மா வந்து, "மேல வந்து பாருங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பதற்றத்தில் நான் செங்குத்தாக ஏறினேன். இரண்டு தடவை சறுக்கி விழுந்து, வேட்டியும் கிழிந்தது. யானைகள் அப்படி ஏறியிருக்கவில்லை. அவற்றின் தடம் கரட்டைச் சுற்றிச் சுற்றி, மாட்டுவண்டியே போகக்கூடிய சரிவில் மேலே போயிருந்தது. பாறைமேல் மிதிபட்ட ராகித் தாளும் சாணமும் கிடந்தன. போரைக் காணவில்லை.

எங்களுக்கு முன்பே வந்திருந்த ஃபாரஸ்ட் வாட்சர், மறுபக்கச் சரிவில் மண் வழுவழுவென்று இழுபட்டிருந்ததைக் காட்டினார்.

"எறங்கறப்ப பின்னங்கால மடக்கிக் குந்திக்கிட்டே சறுக்கும் சார். தும்பிக்கையால மண்ணத் தட்டிப் பாத்துத்தான் அடுத்த கால வெக்கும். அதுக்கு இது வூட்டு வாசப்படி மாதிரி." பிறகு அந்தம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, இங்க போய்ப் போடலாம்னு எந்த மடையன் சொன்னான்?"

அந்தம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நாங்களாத்தான் போட்டமுங்க."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒரு நிமிஷம் மூடாத வாய் அது. வேட்டிக் கிழிசலைப் பிடித்துக்கொண்டு, தூரத்து மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாட்சர் போனதும், உட்கார்ந்து மிச்சக் கதிர்களைப் பொறுக்கினோம். அரைக்கூடைகூடத் தேறவில்லை.

"இல்லம்மா, நான் என்ன நெனச்சேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அந்தம்மா நிமிராமலே சொன்னார்:

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நாங்க தெரிஞ்சவங்களப் போய்க் கேட்டிருப்பமுங்களே, சார்."